மலை வண்டிக்கு மலிவு டயர் கட்டுப்படியாகுமா?

சமவெளியில் ஓடும் லாரிக்குப் போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம். கொல்லிமலை வண்டிக்கு அப்படி இல்லை. ஏறும்போது உரமூட்டை, சிமென்ட், மளிகை என்று கொஞ்சம் இருக்கும்; சில நாள் வெறும் வண்டியாகவே ஏறும். முழுப் பாரமும் இறங்கும்போதுதான். அன்னாசி, பலா, வாழைத்தார், சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு என மலையில் விளைவதெல்லாம் கீழே போக வேண்டிய சரக்கு. காரவள்ளி அடிவாரத்துக்கு வருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். ஆகவே, 'விலை குறைந்த டயர் வாங்கலாமா?' என்ற கேள்விக்கு நாமக்கல் ரோட்டில் கிடைக்கும் பதில் சோளக்காட்டுக்கு அப்படியே பொருந்தாது.

இந்தக் கேள்வியோடு ஒரு மாதம் அலைந்தார் சோளக்காட்டு விவசாயி ஒருவர். மூன்று ஏக்கரில் அன்னாசி, சில்வர் ஓக் மரங்களில் மிளகு, ஊடே கொஞ்சம் காப்பி. இதோடு கடனில் வாங்கிய ஆறு சக்கர மினி லாரி ஒன்று. தன் சரக்கையும் அக்கம்பக்கத்தார் சரக்கையும் ஏற்றி இறக்குவதில்தான் வண்டித் தவணை கட்டுகிறார். அன்னாசி சீசன் தொடங்கும் நேரத்தில் ஆறு டயரும் தேய்ந்து நின்றன. கையில் இருந்தது மிளகு விற்ற பணம். அதிலிருந்துதான் மகளின் கல்லூரிக் கட்டணமும் போக வேண்டும்.

பெயர் தெரிந்த கம்பெனி டயர் ஆறு வாங்கினால் கட்டணத்துக்குப் பணம் மிஞ்சாது. கடைக்காரர் காட்டிய விலை குறைந்த டயர் ஆறு வாங்கினால் இரண்டும் முடியும். வீட்டில் வரவு செலவு எழுதுவது மனைவிதான். மகளிர் குழுவில் கணக்கு நோட்டு பார்த்துப் பழகிய கை அது.

"ஏங்க, விலை கம்மின்னு சொல்றீங்க, சரி. அது எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு கேட்டீங்களா?" என்றார்.

"அதெல்லாம் ஓட்டுற கையைப் பொறுத்ததுன்னு சொல்றான் புள்ள."

"அப்ப விலையும் கையைப் பொறுத்துத்தான் வாங்கணும். முதல்ல கணக்குப் போடுவோம்."

விலையைப் பார்ப்பதா, கிலோமீட்டரைப் பார்ப்பதா?

அவர்கள் போட்ட கணக்கை எந்த வண்டிக்கும் போட்டுப் பார்க்கலாம். விலையும் ஓட்டமும் ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். முறை புரிவதற்காக முழு எண்களில் ஓர் உதாரணம்.

நல்ல டயர் ஒன்று 12,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 30 பைசா. மலிவு டயர் 8,000 ரூபாய், 22,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு 36 பைசாவுக்கு மேல். வாங்கும்போது 4,000 ரூபாய் மிச்சம். ஓட ஓட நஷ்டம்.

கணக்கு இதோடு முடியவில்லை. நல்ல டயரின் பட்டன் தேய்ந்தாலும் உள்கூடு கெட்டுப்போகாது. அதற்கு 4,000 ரூபாய் கொடுத்து ரீட்ரேட் செய்து, இன்னும் 25,000 கிலோமீட்டர் ஓடினால் மொத்தச் செலவு 16,000 ரூபாய், மொத்த ஓட்டம் 65,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 25 பைசாவுக்குள் வந்துவிடுகிறது. மலிவு டயரின் கூடு ரீட்ரேட் தாங்காமல் போனால் அது கிணற்று மேட்டில் செடி வைக்கத்தான் உதவும்.

ஆனால் இதே கணக்கு சிலருக்கு மாறி விழும். வாரத்துக்கு ஒரு நடை, வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 40,000 கிலோமீட்டர் தாங்கும் டயரை ஓடித் தீர்க்க ஆறரை வருஷம் ஆகும். அதற்குள் வெயிலிலும் மழையிலும் நின்றே ரப்பர் இறுகி, பக்கவாட்டில் பொடி வெடிப்பு விட ஆரம்பித்துவிடும். அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு முறையான முத்திரையுள்ள விலை குறைந்த டயர் போதும். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் டிரெய்லருக்கும் அப்படியே. மலிவு டயர் எல்லோருக்கும் நஷ்டம் என்று ஒரே போடாகச் சொல்ல முடியாது. வருஷ ஓட்டம் எவ்வளவு என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் டயர் படும் பாடு

பைசாக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. பாரத்தோடு இறங்கும் வண்டியில் பிரேக் மிதிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அந்த எடையோடு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது முன் டயரின் ஓரம் தார்ச்சாலையில் அரைபடுகிறது. ஒரு வளைவில் அரைபடுவது கண்ணுக்குத் தெரியாது. 70 வளைவு, வாரத்துக்கு நாலு நடை என்றால் முன் டயரின் தோள்பட்டை நடுப்பகுதிக்கு முன்பே தேய்ந்துவிடும்.

பின்பக்கம் வேறு விதமான தேய்மானம். ஜோடியாக உள்ள இரண்டு டயரும் ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். ஆனால் வளைவில் வெளிப்பக்க டயர் போக வேண்டிய தூரம் அதிகம், உள்பக்க டயருக்குக் குறைவு. இரண்டில் ஒன்று இழுபட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, சூடு. கீழே வரும்வரை பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் டிரம் கொதிக்கும். அந்தச் சூடு ரிம்முக்கு ஏறி, டயர் ரிம்மில் உட்காரும் விளிம்புக்கும் உள்ளே இருக்கும் டியூபுக்கும் பிளாப்புக்கும் போகும். காற்றுக் குறைவான டயர் மடங்கி மடங்கி ஓடித் தானாகவும் சூடேறும். நூல் ஒட்டு சரியில்லாத டயர் இந்த இரண்டு சூட்டையும் சேர்த்துத் தாங்காது. 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வது பிரேக்கைக் காப்பாற்ற மட்டுமல்ல, டயரையும் காப்பாற்றத்தான்.

பின்னால் ஜோடியில் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் கொஞ்ச நேரம் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டியை ஓரம் கட்டிவிடலாம். முன்னால் பக்கத்துக்கு ஒரே டயர். அது வெடித்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். மலைச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

சந்தைக்கு வரும் சரக்கு வண்டிகளில் மூட்டை மேல் ஆட்கள் உட்கார்ந்து வருவதும் மலையில் சகஜமாகிவிட்டது. சரக்கு வண்டியில் கூலி ஆட்களையும் உறவினரையும் இப்படி ஏற்றுவது சட்டப்படி தவறு. 1994-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சரக்கோடு வரும் அதன் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள் சேர்த்தது. மூட்டை மேல் சும்மா ஏறி வருகிறவர் அதில் வரமாட்டார். மனைவி இதைக் கேட்ட அன்றே முடிவாகச் சொல்லிவிட்டார்: "டயர் புதுசோ பழசோ, மூட்டை மேல ஆள் வேண்டாங்க."

'மலிவு' என்ற பெயரில் நாலு சரக்கு

கடையில் மலிவு டயர் என்று காட்டப்படுவது ஒரே பொருள் அல்ல. அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அவருக்குக் குழப்பம் தீர்ந்தது.

முதல் வகை, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, அதிகம் விளம்பரம் இல்லாத கம்பெனி டயர். அல்லது பெரிய கம்பெனியே விலை குறைத்து விற்கும் ரகம். லாரி, பஸ் போன்ற வண்டிகளின் டயருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15636. பக்கவாட்டில் அந்த எண்ணும் முத்திரையும் இருக்க வேண்டும். இதைப் பின்சக்கரத்துக்குத் தயங்காமல் யோசிக்கலாம்.

இரண்டாம் வகை, வெளிநாட்டிலிருந்து குவிந்த டயர். ஒரு காலத்தில் சீன ரேடியல் டயர்கள் உள்ளூர் டயரைவிட நல்ல விலை வித்தியாசத்தில் கிடைத்தன. 2017 செப்டம்பரில் லாரி, பஸ் ரேடியல் டயருக்கு மத்திய அரசு பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. 2019-இல் மானிய ஈட்டு வரி வந்தது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கே கட்டுப்பாடு வந்தது. இதற்குப் பிறகும் 'அந்தக் காலத்து ஸ்டாக், விலை குறைச்சல்' என்று யாராவது காட்டினால், அது குடோனில் எத்தனை வருஷம் கிடந்தது என்று கேட்க வேண்டும்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் புதுசாக இருப்பதைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த நாலு எண்ணைப் பார்ப்பதில்லை.

மூன்றாம் வகை, பழைய டயர். பெரிய கம்பெனி வண்டிகளிலிருந்து கழற்றியது, பாதிப் பட்டன் இருக்கிறது என்பார்கள். வெளியே நன்றாகத் தெரியும். காற்றுக் குறைந்து ஓடியதா, பள்ளத்தில் அடிபட்டு உள்ளே நூல் விட்டுப்போனதா என்பது பார்வைக்குத் தெரியாது. மலை இறங்கும் வண்டிக்கு இதில் ஆசைப்படக் கூடாது.

நாலாம் வகை, ரீட்ரேட். இதைத்தான் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். அது சரியல்ல.

நாமக்கல்லின் பழைய பாடம்

லாரித் தொழிலில் பெயர் எடுத்தது நாமக்கல். பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர் லாரிகளும் ரீட்ரேடிங் பட்டறைகளும் அங்கே ஒன்றை ஒன்று நம்பி வளர்ந்தவை. நல்ல டயராக வாங்கி, கூடு கெடாமல் ஓட்டி, மறுபடி பட்டன் போட்டுச் செலவைக் குறைப்பது அங்குள்ள லாரிக்காரர்களுக்குப் பழகிய வழி.

சென்னையில் 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். 1952-இல் அது இறங்கியது ரீட்ரேடுக்கான ரப்பர் தயாரிப்பில். முழு டயர் செய்ய வந்தது அதற்குப் பிறகுதான். விமான டயர்களும் ரீட்ரேட் செய்யப்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன. ஆகவே மறு பட்டன் போட்டது என்பதாலேயே டயர் மட்டமாகிவிடாது. கூடு எப்படி, செய்த கை எப்படி, எந்தச் சக்கரத்தில் போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

அவர் தேய்ந்த டயர்களைக் கழற்றி நாமக்கல் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் ஒவ்வொன்றையும் விரித்து, உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவி, தட்டி, சத்தம் கேட்டார். நாலைத் தனியாக வைத்தார். இரண்டை ஓரம் தள்ளினார்.

"இந்த ரெண்டும் வேண்டாங்கண்ணா. இதுல நூல் விட்டுப்போச்சு. இன்னொன்னைத் துணி தெரியற வரைக்கும் ஓட்டிட்டீங்க. பட்டன் போட்டுத் தரலாம், காசும் வாங்கிக்கலாம். ஆனா நீங்க மலை இறங்கறவரு."

"மீதி நாலையும் நாலு பக்கமும் போட்டுக்கலாமுங்களா?"

"பின்னாடி மட்டும் போடுங்க. முன்னாடி ரீட்ரேட் கேட்டு வராதீங்கண்ணா."

பட்டறைக்காரர் சொன்னது வியாபாரத்துக்கு எதிரான பேச்சுதான். ஆனால் தேவையான எச்சரிக்கை அது. அமெரிக்காவில் பஸ்ஸின் முன்சக்கரத்தில் ரீட்ரேட் டயர் போடச் சட்டமே தடை செய்கிறது.

ஆறு வேண்டாம், இரண்டு போதும்

இங்கேதான் கேள்வியே மாறியது. மலிவாக ஆறா, விலை கூடியதாக ஆறா என்று இருவரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறும் ஒரே நாளில், ஒரே தரத்தில் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

மனைவியின் நோட்டில் முடிவு இப்படி எழுதப்பட்டது. முன்னால் போட நல்ல கம்பெனி டயர் இரண்டு, புது டியூபும் பிளாப்பும் சேர்த்து. பின்னால் நாலும் ரீட்ரேட். மலிவு டயர் ஆறு வாங்குவதைவிட மொத்தச் செலவு குறைவாகவே வந்தது. கட்டணமும் கட்ட முடிந்தது.

அடுத்து வரும் சுற்றுகளுக்கும் அதிலேயே வழி இருக்கிறது. முன் டயர் பாதிக்கு மேல் தேய்ந்ததும் மறுபடி இரண்டு நல்ல டயர் வாங்கி முன்னால் போட வேண்டும். கழற்றிய இரண்டையும் பின்னால் ஒரே பக்கத்தில் ஜோடியாகப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து தேய்ந்தவை என்பதால் உயரம் ஒத்துப்போகும். அங்கும் தேய்ந்த பிறகு, கூடு நன்றாக இருக்கும்போதே ரீட்ரேடுக்கு அனுப்ப வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு தடவைக்கு இரண்டு டயர் பணம் மட்டும் புரட்டினால் போதும். கடன் வாங்கி ஆறு டயர் போடும் நிலை வராது.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய லாரி டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், டிராக்டர் டயர், டியூபுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது. இதைக் கடையில் பில்லோடு கேட்டு வாங்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் பிறகு டயர் உப்பினாலும் வெடித்தாலும் உத்தரவாதம் கேட்க முடியாது.

வாங்கும் முன், வாங்கிய பின்

மலை வண்டிக்காரர்கள் இந்த விஷயங்களை எழுதி டிரைவர் சீட் பக்கம் ஒட்டி வைக்கலாம்.

அளவு ஒன்றாக இருந்தாலும் பாரம் தாங்கும் திறன் வேறாக இருக்கும். 7.50-16 டயரில் 16 பி.ஆர். என்று வண்டிக்குச் சொல்லியிருந்தால் அதைவிடக் குறைந்த பி.ஆர். எண் உள்ளதை வாங்கக் கூடாது. கடைக்காரர் விலை குறைத்துத் தருவது சில சமயம் இந்த எண்ணைக் குறைத்துத்தான்.

ஒரே அச்சில் நைலான் டயரையும் ரேடியல் டயரையும் கலந்து போடக் கூடாது. ஜோடி டயர்களின் விட்டத்தில் இந்த அளவு வண்டிக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் பெரிய டயரே மொத்தப் பாரத்தையும் சுமந்து சூடேறும்; சின்னது சும்மா உராய்ந்து தேயும்.

பழைய டியூபைப் புது டயருக்குள் போடக் கூடாது. ஓடி நீண்டுபோன டியூப் உள்ளே மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே வெடிக்கும். பெரும் பணம் போட்டு டயர் வாங்கி டியூபில் மிச்சம் பிடிப்பது வீண்.

பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை இருக்கும் இடத்தைப் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ முக்கோணக் குறியோ காட்டும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். சட்டம் அதுவரை விடுகிறது. மழையும் பனிமூட்டமும் உள்ள மலைச் சாலையில் முன் டயரை அதுவரை விட்டு வைக்கக் கூடாது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் ரீட்ரேடுக்காக, 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றுவது லாபம்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறிய பிறகு குறைவாகிவிடும். இறங்கும் வழியில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் எந்தச் சக்கரம் மற்றதைவிட அதிகம் கொதிக்கிறது என்று தெரியும். ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பிரேக்கையோ காற்றையோ பார்க்க வேண்டும். கொதிக்கும் ரிம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிரம் வெடிப்பு விடும்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலையே வண்டிகளால் நிறையும் நாட்களில், வளைவுக்கு வளைவு நின்று நின்று இறங்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் பாரத்தைக் குறைத்து ஏற்றி, விடியற்காலையிலேயே இறங்கிவிடுவது நல்லது.

இப்போது அந்த வீட்டின் கணக்கு நோட்டில் டயருக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு டயருக்கும் ஓர் எண். எந்தச் சக்கரத்தில், எந்தத் தேதியில், மீட்டர் எவ்வளவு காட்டியபோது மாட்டியது என்று மூன்று கட்டம். சந்தை வாடகை வரும் நாளில் நடைக்கு ஐம்பது ரூபாய் தனி டப்பாவில் விழுகிறது. அடுத்த இரண்டு டயருக்கு அதுதான் முதல்.